தருமபுரி நடுகற்கள்: நின்ற இடத்திலேயே காப்போம்

ஓர் ஊரின் பழமைச் சின்னங்கள் என்றதும் கோட்டையும் அரண்மனையும் கோபுரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. தருமபுரி மாவட்டத்தின் பழைய வரலாற்றில் பெரும்பகுதியோ ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் பலகைக் கற்களில் எழுதப்பட்டுள்ளது. இவையே நடுகற்கள். இவற்றைக் காப்பது எப்படி என்பது எளிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் விடை அத்துணை எளிதன்று.

போரில் இறந்த வீரனுக்குக் கல் நடும் வழக்கம் தமிழகத்தில் மிகத் தொன்மையானது. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதனை வாழ்த்தி வணங்குவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு நடப்பட்ட கல்லைக் கண்டு ஔவையார் வருந்திப் பாடிய பாடல் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டறிந்தனர். இலக்கியம் கூறிய வழக்கத்திற்கு அவை நேரடிச் சான்றாயின.

தருமபுரியிலும் அதனை அடுத்துள்ள செங்கம் பகுதியிலும் உள்ள பழைய நடுகற்கள் பல வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. வில்லோ வாளோ ஏந்திய வீரனின் உருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். அதன் மேலும் பக்கத்திலும் சில வரிகள் இருக்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த நாடு, யாருடைய வீரன், எதற்காக உயிர் நீத்தான் என்பவற்றை அவை சுருக்கமாகக் கூறும். பெரும்பாலும் காரணம் ஆநிரை கவர்தலோ ஆநிரை மீட்டலோ ஆகும். மழை குறைந்த இந்த மேட்டு நிலத்தில் கால்நடையே பெருஞ்செல்வமாக இருந்தது என்பது இதனால் விளங்குகிறது.

செங்கம் பகுதியிலுள்ள எடுத்தனூர் நடுகல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் இறந்து வீழ்ந்தபோது, கோவிவன் என்னும் அவனது நாய் கள்வர் இருவரைக் கடித்து அவனருகே காவல் நின்றது என்பது அக்கல் தரும் செய்தி. நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. ஒரு பேரரசனின் ஆட்சியாண்டையும் ஒரு நாயின் பெயரையும் ஒரே கல்லில் காண்கிறோம். அரசர்களின் செப்பேடுகளில் இத்தகைய எளியோர் செய்தி கிடைப்பது அரிது.

இனி, கல் நிற்கும் இடத்தின் மதிப்பைப் பார்ப்போம். தனிக்கல் ஒரு வீரனின் கதையை மட்டுமே சொல்லும். பல கற்கள் நிற்கும் இடங்களை நிலப்படத்தில் குறித்துப் பார்த்தால் பழைய நாடுகளின் எல்லை, மேய்ச்சல் நிலம், ஆநிரைகள் ஓட்டிச் செல்லப்பட்ட வழி ஆகியவற்றை ஊகிக்க வழி பிறக்கும். கல்லை எங்கிருந்து எடுத்தோம் என்று குறிக்காமல் பெயர்த்துவிட்டால் எழுத்து எஞ்சும். இந்தச் சான்று அழிந்துவிடும். ஒரு நினைவுச்சின்னத்தை அது நிற்கும் சூழலிலிருந்து பிரிக்க இயலாது என்று 1964-இல் உருவான வெனிஸ் சாசனமும் வலியுறுத்துகிறது.

இடத்தைக் குறிக்கும்போது மாவட்டத்தின் பெயர் மட்டும் போதாது. சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் பிரிந்தது தருமபுரி. அதிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. 1970-களில் தருமபுரி மாவட்டக் கற்கள் என்று குறிக்கப்பட்டவற்றுள் சில இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளன. ஆகவே ஊர்ப்பெயர், நிலத்தின் சர்வே எண், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய அனைத்தையும் பதிவு செய்வதே முறை.

நடுகற்கள் இத்தனை நூற்றாண்டுகள் தப்பியதற்கு முக்கியக் காரணம் மக்களின் வழிபாடு. பல ஊர்களில் இவை வேடியப்பன் என்னும் தெய்வமாக வணங்கப்படுகின்றன. தெய்வமான கல்லை யாரும் பெயர்க்கத் துணிவதில்லை. வழிபாடு இல்லாத கல்லோ துணி துவைக்கவும் வாய்க்காலின் மேல் பாலமாகவும் பயன்பட்டுவிடக்கூடும். எனினும் வழிபாட்டிலும் ஓர் இடர் உண்டு. எண்ணெயும் சந்தனமும் படிந்து எழுத்தை மூடுகின்றன. சுண்ணாம்பும் வண்ணப்பூச்சும் அதனை மேலும் மறைக்கின்றன. அவற்றை நீக்குவதற்காக மணலை வேகமாகப் பீச்சினால் கல்லின் மேற்பரப்பே உதிர்ந்துவிடும்.

கல்லும் தானாகவே தேய்கிறது. கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் நீரோடு வினைபுரிந்து மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறுகிறது. அதனால் ஆழமின்றி வெட்டிய எழுத்துகள் முதலில் மறைகின்றன. எனவே படியெடுத்தல் இன்றியமையாதது. ஈரத்தாளைக் கல்லின் மீது ஒட்டித் தூரிகையால் தட்டினால் தாள் எழுத்தின் பள்ளத்துள் பதியும். பிறகு மை ஒற்றினால் மேடு கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் தெரியும். பக்கவாட்டில் ஒளி விழும்படி எடுக்கும் நிழற்படமும் மங்கிய எழுத்தைக் காட்டித் தரும்.

அப்படியானால் அருங்காட்சியகம் வேண்டாமா? வேண்டும். சாலை விரிவாக்கத்தாலோ கல் உடைப்பாலோ திருட்டாலோ ஆபத்து நேரும் இடத்தில் கல்லை அங்கே சேர்ப்பதே அறிவுடைமை. தருமபுரியில் உள்ள அகழ்வைப்பகம் பல நடுகற்களை அவ்வாறு காத்து வருகிறது. ஆனால் அது கடைசி வழியாக இருக்கட்டும். பெயர்ப்பதற்கு முன்பு இடத்தை அளந்து, கல் நோக்கிய திசையைக் குறித்து, படமெடுத்து வைத்தல் வேண்டும்.

1966-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு தொல்பொருள் சட்டம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குக் காவல் தருகிறது. ஆயினும் ஒவ்வொரு வரப்பிலும் காவலர் நிற்க இயலாது. அங்கே அன்றாடம் நடப்பவர்கள் ஊர் மக்களும் மாணவர்களுமே. உங்கள் ஊரில் எழுத்துள்ள கல்லைக் கண்டால் அதைச் சுரண்டாதீர்கள். எழுத்தின்மேல் சாக்கட்டி பூசாதீர்கள். அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். அச்சிட்ட நூல் ஒன்று கிழிந்தால் வேறு படி கிடைக்கும். நடுகல்லுக்கோ அந்த ஒரே படிதான் உண்டு.