குடியரசில் குடி யார்?

திருப்பூரில் நான் ஓவர்லாக் ஓட்டிய பனியன் கம்பெனியில் ஜனவரி 26 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுப்பார்கள். எல்லோருக்கும் ஒரே தட்டுதான். சாயங்காலம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில் எங்களுக்கென்று தனி டம்ளர். 'குடிச்சுட்டுக் கழுவி வெச்சுட்டுப் போடா' என்பான் கடைக்காரன். என்னைவிடப் பத்து வயது சின்னவன். அந்த பஸ் பயணம்தான் குடியரசுக்கும் ஜனநாயகத்துக்கும் உள்ள தூரம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். விஷயம் அவ்வளவு லேசில்லை.

பரம்பரை ராஜா இல்லையென்றால் குடியரசு. குறைந்தபட்ச அர்த்தம் அவ்வளவுதான். இங்கிலாந்தில் முடியும் இருக்கிறது, ஓட்டும் இருக்கிறது. சீனா பேரிலேயே குடியரசு. ஆளுங்கட்சியை ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. ஈரோட்டில் 1925இல் பெரியார் தன் பத்திரிகைக்குக் 'குடி அரசு' என்று பேர் வைத்தபோது நாமெல்லாம் வெள்ளைக்கார ராஜாவின் பிரஜைகள்.

'அந்தக் காலத்திலேயே நமக்குக் குடவோலை இருந்துச்சு' என்று மேடையில் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 921இல் வெட்டிய விதி என்ன சொல்கிறது? கால்வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை. நம்ம பாட்டன் பேர் அந்தக் குடத்தில் விழ வழியே இல்லை. சோழர் கல்வெட்டுகளில் நாம் வருவது வேறு இடத்தில்: ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று.

சரி, எல்லோருக்கும் ஓட்டு வந்துவிட்டது. 1996இல் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு போட விடவில்லை. மீறித் தேர்தல் நடந்தால் தங்கள் ஆளையே நிறுத்தி, ஜெயித்த கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 வரை பத்து வருஷம் இதே கதை. கேட்டால் 'ஊர் முடிவு' என்றார்கள். எண்ணிக்கை பார்த்தால் ஊரில் அவர்கள்தான் அதிகம். அப்போ அதுதான் ஜனநாயகமா?

இங்கேதான் அம்பேத்கர் 1945இல் செய்த பாகுபாடு நமக்கு வேண்டும். அரசியல் பெரும்பான்மை கருத்தால் உருவாவது. இன்று இருக்கும், நாளை மாறும். சாதிப் பெரும்பான்மை பிறப்பால் வருவது. எத்தனை தேர்தல் நடந்தாலும் மாறாது. மாறாத பெரும்பான்மைக்குப் பேர் ஓட்டுப் பெட்டி வைத்த ராஜ்ஜியம். நாற்காலி யாருடைய பரம்பரைச் சொத்தும் இல்லை என்று சட்டம் சொன்னது. பரம்பரைச் சொத்துதான் என்று பெரும்பான்மை சொன்னது. மேலவளவில் அந்த நாற்காலிக்கு ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று, கூட வந்தவர்களோடு பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். தலையைத் தனியே எடுத்துக் கிணற்றில் போட்டார்கள்.

2022 ஆகஸ்டில், தலித் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளும்படி தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எங்கள் கம்பெனியில் முதலாளி வர லேட்டான ஒரு வருஷம் கயிற்றை இழுத்தது வாட்ச்மேன், எங்கள் தெருக்காரர். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவரும் நானும் ஊருக்கு ஒரே பஸ்ஸில்தான் போனோம். டீ குடிக்கவில்லை.