கண்ணாடியும் எதிரில் நிற்பவரும்



ஒரு புதிய கருவி தோன்றும்போது, அதனை அணிபவர் என்ன உணர்ந்தார் என்பதையே உலகம் முதலில் வினவுகிறது. அவர் எதிரில் நிற்பவர் என்ன உணர்ந்தார் என்று வினவுவோர் சிலரே. மூக்குக் கண்ணாடியின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க விழைகின்றேன்.

மூக்குக் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி நாட்டில் தோன்றியது. 1306இல் புளோரன்ஸ் நகரில் சமயச் சொற்பொழிவாற்றிய ஜியோர்தானோ என்னும் துறவி, இக்கலை கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகள்கூட நிறையவில்லை என்று கூறிப் போற்றினார். 1352இல் தொம்மாசோ என்னும் ஓவியர், திரெவீசோ நகரத்து மடமொன்றின் சுவரில், ஹியூ என்னும் கர்தினாலைக் கண்ணாடி அணிந்தவராகத் தீட்டினார். அக்கர்தினாலோ 1263இலேயே மறைந்தவர். கண்ணாடியைக் கண்ணாலும் காணாதவர்! ஆயினும் ஓவியர் காலத்தில் கண்ணாடி கல்விக்கே அடையாளமாகிவிட்டது. அணிந்தவர் தெளிவாகப் பார்த்தார். எதிரில் இருந்தவர் எதனையும் இழக்கவில்லை.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கண்ணாடி இவ்வாறே அடக்கமாகத் தொண்டு செய்தது. 1968இல் அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லாந்து, கணிப்பொறி வரையும் கோட்டுச் சித்திரங்களைக் கண்முன் காட்டும் கருவியொன்றைத் தலையில் அணியுமாறு அமைத்தார். கூரையிலிருந்து தொங்கிய ஓர் அமைப்போடு அது இணைக்கப்பட்டிருந்தது. கணிப்பொறி சிறுக்கச் சிறுக்க, அக்கனவு கண்ணாடிச் சட்டத்துக்குள்ளேயே அடங்கலாயிற்று.

2012இல் கூகிள் நிறுவனம் ‘கூகிள் கிளாஸ்’ என்பதை அறிவித்தது. 2013இல் தேர்ந்தெடுத்த சிலருக்கு அதனை 1,500 டாலருக்கு அளித்தது. வலக்கண்ணுக்குச் சற்று மேலே சிறு திரை, அருகே படக்கருவி. கைகளை உபயோகிக்காமலே வழி அறியலாம், செய்தி படிக்கலாம், படம் எடுக்கலாம். அணிந்தோர் பலர் வியந்தனர். எதிரில் நின்றோர் பலர் ஐயுற்றனர். அக்கருவி வாங்குவோர் கைக்கு வருமுன்பே, 2013 மார்ச்சில், சியாட்டில் நகரத்து உணவுவிடுதி ஒன்று அதற்குத் தடை விதித்தது. படம் எடுப்பதற்குப் பிறரிடம் அனுமதி கேளுங்கள் என்று 2014இல் அந்நிறுவனமே அறிவுரை வழங்க நேர்ந்தது. 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. தொழிற்கூடங்களுக்கென வந்த பதிப்பும் 2023இல் முடிவுற்றது. ஆயினும் அவ்வகைக் கண்ணாடிகள் மறையவில்லை. இப்போது வருபவற்றுள் சில சாதாரணக் கண்ணாடி போலவே தோற்றமளிக்கின்றன.

அத்தகைய ஒன்றை என் பழைய மாணவர் ஒருவர் எனக்கு அணியக் கொடுத்தார். ஓர் ஆங்கில அச்சுத்தாளை நோக்கி வினவினேன். அதிலுள்ளதைப் படித்து என் காதில் சொல்லிற்று. பார்வை இழந்தோர்க்கு இஃது எத்துணைப் பெரிய துணை என்று மகிழ்ந்தேன். பின்னர் அவர் அதனை அணிந்து என் எதிரே நின்றார். படம் எடுக்கும்போது விளிம்பில் ஒரு சிறு விளக்கு எரியுமாம். அவ்விளக்கையே நோக்கியிருந்ததால் என் பேச்சு தானே அடங்கியது.

இவ்வச்சமும் புதிதன்று. 1888இல் கையடக்கமான கோடாக் படக்கருவி வந்தது. எளிதில் படம் எடுக்கும் வழக்கம் பரவிவந்த அக்காலத்தில், 1890இல், வாரன், பிராண்டைஸ் என்னும் இரு அமெரிக்க வழக்கறிஞர்கள், தனிமைக்கும் ஓர் உரிமை உண்டு என்று கட்டுரை வரைந்தனர். நம் நாட்டில் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

இளைஞர்களே, இக்கண்ணாடியை அணியும் வாய்ப்பு உங்களுக்கும் வரலாம். அணிந்தபின் அது நன்று என்று நீங்கள் கூறுவது பாதி விடையே. மறுபாதியை உங்கள் எதிரில் நிற்பவரிடம் கேட்டறியுங்கள்.