பிரெஞ்சு மொழியில் 'நீ'யும் 'நீங்களு'ம்



பிரெஞ்சு மொழி கற்கத் தொடங்குவோர் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: யாரை 'த்யூ' என்பது, யாரை 'வூ' என்பது? ஆங்கிலம் மட்டுமே அறிந்தவருக்கு இது பெருங்குழப்பம். தமிழருக்கோ நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. 'த்யூ' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். நம் 'நீங்கள்' போலவே, 'வூ' பலரையும் குறிக்கும். மதிப்புக்குரிய ஒருவரையும் குறிக்கும். வினைச்சொல்லும் உடன் மாறும். 'த்யூ பார்ல்' என்றால் நீ பேசுகிறாய். 'வூ பார்லே' என்றால் நீங்கள் பேசுகிறீர்கள். வீட்டாருக்கும் நண்பருக்கும் குழந்தைகளுக்கும் 'த்யூ'. அறிமுகமில்லாத பெரியவருக்கு 'வூ'. விதி அவ்வளவுதான். அதன் வரலாறுதான் பெரிது.

பிரெஞ்சின் தாய்மொழி லத்தீன். பழைய ரோமாபுரியில் அடிமையும் 'நீ'தான், ஆள்பவனும் 'நீ'தான். பேரரசின் பிற்காலத்தில்தான் சக்கரவர்த்தியைப் பன்மையில் விளிக்கும் வழக்கம் தோன்றிற்று. பின்னர் அது பிரபுக்களுக்கும் பெரியோருக்கும் பரவியது.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793 அக்டோபர் 31ஆம் நாள், எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றே அழைக்க வேண்டும் என்று கோரி, பாரிஸ் மக்கள் சங்கங்களின் சார்பில் தேசிய மன்றத்தில் ஒரு மனு வைக்கப்பட்டது. மன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. ஆயினும் அரசாங்கக் கடிதங்களிலேயே 'நீ' புகுந்தது. சில ஆண்டுகளில் 'நீங்கள்' திரும்பிவிட்டது. எல்லாரையும் 'நீங்கள்' என்று உயர்த்தியும் சமமாக்கியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி ஆப்பிரிக்காவுக்கு வருவோம். பெல்ஜியம் ஆண்ட கொங்கோவிலும் பிரெஞ்சு மொழி வழங்கியது. 1960 ஜூன் 30, சுதந்திர நாள். பெல்ஜிய மன்னர் அமர்ந்திருந்த அவையில் முதல் பிரதமர் பத்திரிஸ் லுமும்பா எழுந்தார். தம் மக்கள் பட்ட அடிகளையும் அவமானங்களையும் அடுக்கியபோது, இந்தச் சிறு சொல்லையும் அவர் விட்டுவிடவில்லை. கறுப்பினத்தவரை 'த்யூ' என்றது நட்பினால் அன்று; 'வூ' என்னும் மரியாதை வெள்ளையருக்கே என ஒதுக்கப்பட்டிருந்ததால்தான் என்றார். தந்தை வயதுடையவரைத் துரைமார் 'நீ' என்று கூப்பிடக் கேட்ட தோட்டத்து மக்களுக்கு அந்தப் பேச்சு எளிதில் விளங்கும்.

பிரான்சில் 2014 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த போலீஸ் நடத்தை விதிகள், காவலர்கள் பொதுமக்களிடம் 'வூ' என்றே பேச வேண்டும் என்று கூறுகின்றன.