நண்பனுக்காகப் பாடியவர்கள்

வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போய், அங்கே திருக்கோவிலூர் பஸ் பிடித்தால் தென்பெண்ணைக் கரைக்கு வந்துவிடலாம். கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலை ஒட்டி, ஆற்றுக்குள்ளேயே ஒரு பெரிய பாறை நிற்கிறது. அதன் உச்சியில் செங்கல்லால் கட்டிய சின்னஞ்சிறு கோயில். கபிலர் குன்று என்பார்கள். நண்பனைப் பறிகொடுத்த புலவர் ஒருவர் உயிரை விட்ட இடம் அது.

பறம்பு மலைப் பாரியை மூவேந்தரும் சேர்ந்து வீழ்த்திய கதை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் நண்பர் கபிலர் பட்ட பாடு பாடத்தில் அவ்வளவாக வருவதில்லை. புறநானூற்றின் 113ஆம் பாட்டில், பாரியின் மகள்களை அழைத்துக்கொண்டு, கண்ணீரோடு மலையிடமே விடைபெறுகிறார். கள் சாடி திறந்திருந்ததும், ஆட்டுக்கறியும் சோறும் குறையாமல் கிடைத்ததும் நினைவுக்கு வருகின்றன. அடுத்த பாட்டில் கொஞ்ச தூரம் போன பிறகும் மலை தெரிகிறது. விச்சிக்கோ, இருங்கோவேள் என்ற சிற்றரசர்களிடம் அந்தப் பெண்களை மணக்கச் சொல்லிப் போய் நின்றார், இருவருமே ஏற்கவில்லை. கடைசியில் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் உயிர்விட அமர்ந்தபோது, பாடிய 236ஆம் பாட்டில், ‘கூட வருகிறேன் என்றவனை இரு என்று சொல்லிவிட்டாயே’ என்று இறந்தவனிடமே கோபித்துக்கொள்கிறார். மறுபிறவியிலும் பிரியாத நட்பு வேண்டும் என்று கேட்டு முடிக்கிறார். துக்கத்தில் வரும் கோபத்தை இவ்வளவு உள்ளபடி சொன்ன பாட்டு தமிழில் அபூர்வம்.

அந்தப் பாட்டின் அடிக்குறிப்பு, பெண்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார் என்கிறது. வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜன் காலத்துக் (985–1014) கல்வெட்டோ, பாரியின் மகளை இந்த ஊரை ஆண்ட மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீயில் இறங்கினார் என்கிறது. எது நடந்திருந்தாலும், பல நூற்றாண்டு கழித்தும் அந்த நட்பைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்று இந்த ஊருக்குத் தோன்றியிருக்கிறது. அதுவே பெரிய செய்தி.

கபிலர் தனி ஆளாகத் துக்கப்பட்டவர். நண்பர்கள் கூடி உட்கார்ந்து, அழ வேண்டியதைப் பாட்டாக்கிய கதை அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்தது. மதர் லவ் போன் என்ற ராக் குழுவின் பாடகர் ஆண்ட்ரூ வுட், முதல் ஆல்பம் வெளிவரும் முன்பே, 1990 மார்ச் 19 அன்று ஹெராயினுக்குப் பலியானார். வயது 24. அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த கிறிஸ் கார்னெல், சவுண்ட்கார்டன் குழுவின் பாடகர். நண்பனை நினைத்து இரண்டு பாட்டு எழுதினார். அவற்றை வுட்டின் குழுவிலேயே வாசித்த ஸ்டோன் கோசார்ட், ஜெஃப் அமென்ட் ஆகியோரிடம் கொண்டுபோனார். மைக் மெக்ரெடி, மேட் கேமரன் சேர்ந்தார்கள். ஊருக்குப் புதிதாக வந்திருந்த எடி வெடரும் பாடினார். இரண்டு பாட்டு பத்தானது. 1991 ஏப்ரலில் ‘டெம்பிள் ஆஃப் தி டாக்’ வெளிவந்தது. குழுவுக்கும் ஆல்பத்துக்கும் ஒரே பெயர். அதை வுட் எழுதிய பாட்டு வரி ஒன்றிலிருந்தே எடுத்தார்கள். முதலில் பெரிதாக விற்கவில்லை. இவர்களில் சிலரின் பேர்ல் ஜாம், கார்னெலின் சவுண்ட்கார்டன் இரண்டும் உலகப் புகழ் பெற்ற பிறகுதான் பத்து லட்சத்தைத் தாண்டியது.

இந்த ஆல்பத்துக்குத் தமிழில் நெருக்கமானது பாரி பாட்டுகளைவிட, உறையூர்ப் பாட்டுகள்தான். பிள்ளைகளோடு பகைத்துக்கொண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். அதுவரை நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புறநானூற்றில் 217 முதல் 223 வரை ஏழு பாட்டுகள், பாடியவர்கள் மூன்று பேர். கண்ணகனார், வெவ்வேறு இடத்தில் பிறந்த பொன்னும் முத்தும் ஒரே மாலையில் சேர்வதைச் சொல்கிறார். கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனார், என்மேல் வருத்தமோ என்று சோழனைக் கேட்கிறார்.

பொத்தியார் நிலைமைதான் மிகக் கொடுமை. கூட வடக்கிருக்க வந்தவரை, மனைவி கர்ப்பமாக இருந்ததால், மகன் பிறந்தபின் வா என்று சோழனே திருப்பி அனுப்பிவிட்டான். ராஜா இல்லாத உறையூருக்குள் நுழைந்தவர், பல வருடம் சோறு போட்டு வளர்த்த யானை செத்துப்போக, வெறுங்கட்டுத்தறியைப் பார்த்து அழும் பாகனாகத் தன்னைக் காண்கிறார். பிறகு சொன்னபடி திரும்பி வந்தார். அதற்குள் சோழன் நடுகல்லாகிவிட்டான். எனக்கு எது இடம் என்று அந்தக் கல்லிடமே கேட்டார்.

துக்கத்தைப் பாட்டாக்கும் அந்த வழக்கத்தின் ஒரு சாயல் வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் கருமாதி இரவுகளில் இன்னும் இருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்தை ஒட்டி ‘கர்ண மோட்சம்’ தெருக்கூத்து வைக்கிறார்கள். பாண்டவர்கள் தன் தம்பிமார் என்று தெரிந்தும் அவர்கள் பக்கம் போகாமல், நண்பன் துரியோதனனுக்காகப் போர்க்களத்தில் நின்று செத்தவனின் கதை. போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடம் நீண்டுகொண்டே போகும். அதைக் கேட்கத்தான் சாவு வீட்டுப் பெண்கள் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.