நாமக்கல் லாரித் தொழிலில் பெருந்தரவும் நிறுவனங்களுக்கிடையேயான கூலி வேறுபாடும்

ஒரே ஊர், ஒரே உரிமம், ஒரே அளவு அனுபவம் உள்ள இரண்டு ஓட்டுநர்களின் வருமானம் ஏன் வேறுபடுகிறது? யார் வண்டியில் ஏறுகிறார்கள் என்பதால்தான். அமெரிக்காவில் 1978 முதல் 2013 வரை கூடிய ஊதிய ஏற்றத்தாழ்வில் மூன்றில் இரண்டு பங்கு நிறுவனங்களுக்கு இடையே விளைந்தது என்று ஜே சாங், நிக்கலஸ் புளூம் உள்ளிட்ட ஐவரின் 2019ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இந்த இடைவெளியில் தரவுக்கு உள்ள பங்கைப் புரிந்துகொள்ள நாமக்கல் லாரித் தொழில் நல்ல களம்.

ஒற்றை வண்டி முதலாளியிடம் இருப்பது டிரிப் ஷீட். டீசல், டோல், பேட்டா, ஏற்றுகூலி எல்லாம் அதில் உண்டு. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இந்த நடையில் மூன்றரைதான் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். தொப்பூர் கணவாய் ஏற்றமா, கூடுதல் பாரமா, இன்ஜெக்டர் பழுதா, ஓட்டுநரின் கால் பழக்கமா? ஒரு வண்டியின் கணக்கில் இந்த நான்கையும் பிரித்தறிய வழியே இல்லை. அதே பாதையில் ஐந்நூறு வண்டி ஓடும் நிறுவனத்துக்கு அது ஒரு நாள் வேலை. எந்தக் கிடங்கில் இறக்க எத்தனை மணி காக்க வேண்டும், எந்த ஊரில் எந்த மாதம் ரிட்டர்ன் லோடு கிடைக்காது என்பதும் அதற்குத் தெரியும். தரவு பெருகப் பெருக ஒவ்வொரு நடையின் பயனும் கூடுகிறது. சிறு முதலாளி உழைப்பில் குறைந்தவரல்லர், எண்ணிக்கையில்தான் குறைந்தவர்.

2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் கடக்கும் சரக்குக்கு இ-வே பில்லும், 2021 பிப்ரவரி முதல் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக்கும் கட்டாயமாயின. இன்று எல்லா லாரியும் தடம் பதிக்கிறது. அந்தத் தடங்களைச் சேர்த்துப் படிப்பவர் சிலரே. பெங்களூருவில் 2015இல் தொடங்கிய பிளாக்பக் போன்ற தளங்கள் ஒற்றை வண்டிக்கும் செல்போனில் லோடு காட்டுகின்றன. தேடும் சிரமம் அதனால் குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் திரண்ட தரவு தளத்தின் கையில்தான் இருக்கிறது.

கூலிக்கு இது எப்படி வந்து சேர்கிறது? நடைக்கு நடை வரவைக் கணிக்க முடிந்த நிறுவனம் மாதச் சம்பளம் பேச முடியும். கணிக்க முடியாதவர் பேட்டாவும் வாடகையில் பங்கும் தந்து, லோடு கிடைக்காத நாளின் நட்டத்தை ஓட்டுநர் தலையில் வைக்கிறார். நல்ல ஓட்டுநர்கள் நிலையான சம்பளத்தை நோக்கி நகர, இடைவெளி மேலும் விரிகிறது. எல்லா ஆதாயமும் ஓட்டுநருக்கு வந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மிச்சம் பிடித்த டீசல் ஒரு காலத்தில் அவருக்கு உபரி வருமானம். டேங்க்கில் சென்சார் வந்தபின் அது முதலாளிக்கே போகிறது.

தரவு இருந்தாலே வேறுபாடு வந்துதான் தீரும் என்பாருக்கு நாமக்கல்லின் கோழிப்பண்ணைத் தொழிலிலேயே மறுப்பு உண்டு. 1982இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் முட்டை விலை, ஐயாயிரம் கோழி வைத்திருப்பவருக்கும் ஐந்து லட்சம் வைத்திருப்பவருக்கும் ஒன்றே. தீவனத்திலும் கடனிலும் பெரிய பண்ணைக்கு அனுகூலம் இருக்கலாம். இன்றைய விலை தெரியாமல் சிறு பண்ணை ஏமாறுவதில்லை.

அதே ஊரில் லாரி உரிமையாளர் சங்கங்களும் இருக்கின்றன. பாதை, பாரம், டீசல், இறக்கக் காத்த நேரம் ஆகிய நான்கை மட்டும், வண்டி எண்ணை மறைத்து, உறுப்பினர்களின் டிரிப் ஷீட்டிலிருந்து அந்தச் சங்கங்கள் திரட்டினால் போதும், சிறு முதலாளிக்கும் ஒப்பிட்டுப் பார்க்கக் கணக்கு கிடைக்கும். அந்தக் கணக்கை ஓட்டுநர் சங்கமும் பார்க்க முடிந்தால், பேட்டா பேசும்போது ஓட்டுநர் கையிலும் ஒரு தாள் இருக்கும்.