வீடும் இருப்புப்பாதையும்

சிறுவாச்சூரை விட்டுச் சென்னையில் பணியாற்றும் பங்கு இளைஞர் ஒருவர், மனைவியோடு வந்து, “சுவாமி, வீடு தாம்பரத்தில் வாங்குவதா, செங்கல்பட்டிலா?” என வினவினார். திருச்சியிலிருந்து நம் ஊர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் இரண்டும் தலைநகரின் வாயில்களே.

தாம்பரத்தைக் குடியிருப்பாக்கியது ரயில். 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து அங்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறித்தவக் கல்லூரி, ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டருகே குடிபெயர்ந்தது. நகரில் உழைத்தோரின் குடும்பங்களும் இருப்புப்பாதையை ஒட்டிக் குடியேறின. நிலவிலையினும் பயண நேரமே அவர்களை ஈர்த்திருக்கும் என எண்ணுகிறேன். செங்கல்பட்டோ கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர், தாம்பரத்தைப்போல் இருமடங்கு.

“அங்கு மனை மலிவு, சுவாமி.”

“மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள்?” என்றேன்.

அவர் மனைவியை நோக்கினார். குழந்தை அவர் மடியில் உறங்கிக்கொண்டிருந்தது.