அல்பத்தின் உள்ளே இருக்கும் பாடல்கள்: கே-பொப்பில் கவனிக்கப்படாதவற்றைத் தேடிக் கேட்பது எப்படி?

2015 நவம்பர் 30 அன்று தென்கொரியாவின் பிடிஎஸ் குழு ஒரு அல்பத்தை வெளியிட்டது. ‘ரன்’ என்ற பாடலுக்குக் காணொளி வந்தது. தொலைக்காட்சி மேடைகளிலும் அதுவே முன்னிறுத்தப்பட்டது. அதே அல்பத்தின் உள்ளே ‘மா சிட்டி’ என்றொரு பாடல் இருந்தது. குழுவினர் தத்தமது ஊர்களைப் பற்றிப் பெருமையோடு பாடும் துள்ளலான பாடல். குவாங்ஜு நகரைச் சேர்ந்த ஜே-ஹோப், தன்னுடைய பகுதியில் ஒரு தொலைபேசி இலக்கத்தைச் சொல்வதுபோல 062, 518 என்ற எண்களைச் சொல்லிச் செல்கிறார்.

062 குவாங்ஜுவின் தொலைபேசிக் குறியீடு. 518 என்பது ஐந்தாம் மாதம் பதினெட்டாம் நாள்.

1980 மே 18 அன்று, இராணுவ ஆட்சிக்கு எதிராகக் குவாங்ஜு மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். ஜெனரல் சுன் டூ-ஹுவானின் படைகள் அவர்களைத் தாக்கின. பொதுமக்கள் எழுந்தனர். மே 27 அன்று இராணுவம் நகரை மீண்டும் கைப்பற்றியபோது பலர் கொல்லப்பட்டிருந்தனர். பல ஆண்டுகள் அது ‘கலவரம்’ என்றே சொல்லப்பட்டது. 1997இல்தான் மே 18 தேசிய நினைவு நாளானது. அந்த நாட்களின் ஆவணங்கள் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

மே 18 என்ற திகதி நமக்கு எதை நினைவூட்டும் என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. கொரிய வரலாறு வேறு, நம்முடையது வேறு. ஆனால் ஓர் ஊரின் இழப்பு ஆட்டப்பாட்டுக்கு நடுவே இரண்டு எண்களாக மட்டும் வைக்கப்பட்டிருப்பதை நம்மால் சட்டென்று புரிந்துகொள்ள முடிகிறது. ‘ரன்’ பாடலோடு நிறுத்திக்கொண்டவர்கள் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏன் கவனிக்கப்படுவதில்லை?

கே-பொப்பில் ஓர் அல்பம் வெளிவரும்போது அதில் ஒரு பாடல் ‘டைட்டில்’ பாடலாகத் தெரிவு செய்யப்படும். பெருஞ்செலவில் காணொளி எடுப்பது அதற்குத்தான். மியூசிக் பேங்க், இன்கிகாயோ, எம் கவுன்ட்டவுன் போன்ற வாராந்த இசை நிகழ்ச்சிகளில் சில வாரங்கள் மேடையேறுவதும் அதுதான். கொரிய இசைத் தளங்கள் அதன் பெயருக்குப் பக்கத்தில் தனி அடையாளமே போட்டு வைக்கின்றன.

மற்றவற்றை கொரியர்கள் ‘சுரோக்கொக்’ என்பார்கள். அல்பத்தில் சேர்க்கப்பட்ட பாடல் என்று பொருள். வெளிநாட்டு ரசிகர்கள் இசைத்தட்டுக் காலத்துச் சொல்லால் ‘பி-சைட்’ என்கிறார்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் காணொளி இல்லை. யூடியூப்பிலும் டிக்டொக்கிலும் இசை கேட்பவரின் கண்ணில் இவை படுவது அரிது.

டைட்டில் பாடல் எல்லோரையும் பிடிக்க வேண்டும். நடனத்துக்கு இசைய வேண்டும். உள்ளிருக்கும் பாடல்களுக்கு அந்தச் சுமை குறைவு. அதனால்தான் பாடகர்கள் தாமே எழுதியவை, மெதுவானவை, சொந்த வாழ்வைப் பேசுபவை அங்கே அதிகம் கிடைக்கின்றன.

மூன்று உதாரணங்கள்

ஐயூ 2015 ஒக்டோபரில் வெளியிட்ட ‘சாட்-ஷயர்’ அல்பத்தின் டைட்டில் ‘இருபத்து மூன்று’ என்று பொருள்படும் துடுக்கான பாடல். அதே அல்பத்தில் ‘முரூப்’ இருக்கிறது. முழங்கால் என்று அர்த்தம். நாம் மடி என்போம். தூக்கம் வராத இரவில், பாட்டியின் மடியில் தலைவைத்துப் படுத்த நாட்களுக்கு ஏங்கும் பாடல். எழுதி இசையமைத்ததும் ஐயூதான். குடும்பம் வறுமைப்பட்ட காலத்தில் பாட்டியோடு வளர்ந்தவர் அவர். கிட்டார் ஒலியும் தாழ்ந்த குரலுமாக அது செல்கிறது.

‘மா சிட்டி’ உள்ள அல்பத்திலேயே ‘வேலியன் 52’ இருக்கிறது. பசுபிக் சமுத்திரத்தில் 52 ஹேர்ட்ஸ் அளவில் குரலெழுப்பும் ஒரு திமிங்கிலத்தின் ஒலி 1989இல் முதன்முதலாகப் பதிவானது. மற்றத் திமிங்கிலங்களின் ஒலி அதைவிடத் தாழ்ந்தது என்பதால், உலகின் மிகத் தனிமையான திமிங்கிலம் என்ற பெயர் அதற்கு வந்தது. பேசியும் கேட்கப்படாத நிலையை அந்தத் திமிங்கிலத்தின் வழியே இந்தப் பாடல் சொல்கிறது.

2024 ஜனவரியில் (ஜி)ஐ-டில் குழு ‘சூப்பர் லேடி’யை டைட்டிலாக்கி அல்பம் வெளியிட்டது. ஆனால் கொரியாவில் அதைவிட அதிகம் கேட்கப்பட்டது உள்ளே இருந்த ‘ஃபேட்’ என்ற பாடல். நிறுவனத்தின் தெரிவைக் கேட்பவர்களே மாற்றிவிட்டார்கள்.

தேடும் வழிகள்

ஒரேயொரு கலைஞரில் தொடங்குங்கள். உங்களுக்குப் பிடித்த டைட்டில் பாடல் எந்த அல்பத்தில் இருக்கிறது என்று பார்த்து, அந்த அல்பத்தை முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். யூடியூப்பில் பெரும்பாலான அல்பங்கள் முழுமையாக, ஒலி வடிவில் இருக்கின்றன. படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் டேட்டாவும் மிச்சம்.

அல்பத்தின் வகையை அறிந்துகொள்ளுங்கள். ‘சிங்கிள் அல்பத்தில்’ இரண்டு மூன்று பாடல்களே இருக்கும். ‘மினி அல்பத்தில்’ ஐந்து ஆறு. முழு அல்பத்தில் பத்துக்கு மேல் வரும். ‘ரீபேக்கேஜ்’ என்பது பழைய அல்பத்தோடு சில புதிய பாடல்களைச் சேர்த்து வருவது. தேடுவதற்கு முழு அல்பங்களே நல்லவை.

எழுதியவர் பெயரைப் பாருங்கள். ஒரு பாடல் மனதைத் தொட்டால், அதன் பாடலாசிரியர் வேறு யாருக்கு எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள்.

மொழிபெயர்ப்புகளில் இரண்டையாவது ஒப்பிடுங்கள். ரசிகர்கள் செய்யும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் ஏராளம். அடிக்குறிப்பு உள்ளவற்றைத் தெரிவு செய்யுங்கள். 518 போன்ற குறிப்புகள் அங்கேதான் விளங்கும்.

சில பாடல்கள் இணையத்துக்கு வருவதேயில்லை. 2017 செப்டெம்பரில் வந்த பிடிஎஸ்ஸின் ‘லவ் யுவர்செல்ஃப்: ஹெர்’ அல்பத்தின் ‘கடல்’ என்ற பாடல் இறுவட்டில் மட்டும், பட்டியலில் பெயர் இல்லாமல் மறைத்து வைக்கப்பட்டது.

சொற்கள் இல்லாமல் வந்த பாடல்

கடைசியாக, கொஞ்சம் பழைய கதை. இன்றைய கே-பொப்புக்கு வழி திறந்தவர்கள் என்று சொல்லப்படும் சோ தைஜி அன்ட் பாய்ஸ் குழு, 1995இல் தமது நான்காவது அல்பத்தைத் தயாரித்தது. அக்காலத்தில் பாடல்கள் வெளிவருமுன் தணிக்கைக் குழுவிடம் அனுமதி பெறவேண்டும். சமூகத்தையும் அதிகாரத்தையும் சாடிய ‘சிதே யுகம்’ பாடலின் வரிகளை மாற்றுமாறு குழு கேட்டது. ‘இந்தக் காலத்தின் மீதான வருத்தம்’ என்பது அந்தத் தலைப்பின் பொருள்.

சோ தைஜி வரிகளை மாற்றவில்லை. வரிகள் முழுவதையும் நீக்கிவிட்டு, வெறும் இசையாக அதை அல்பத்தில் வைத்தார். அல்பம் வாங்கியவர்கள் அந்த இடத்தில் ஏன் குரல் இல்லை என்று கேட்டார்கள். ரசிகர்கள் முன்தணிக்கைக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். அதற்கு முன்பே வேறு பாடகர்களும் இதற்காகப் போராடி வந்தார்கள். 1996 ஜூனில் அந்த முன்தணிக்கை முறை ஒழிந்தது. அதே ஆண்டு பாடல் தன் சொற்களோடு மீண்டும் வந்தது. 2024 ஜனவரியில் ஏஸ்பா குழு அதைப் புதிதாகப் பாடி வெளியிட்டது.

இரண்டு வடிவங்களும் கிடைக்கின்றன. முதலில் 1995இன் குரலற்ற வடிவத்தைக் கேளுங்கள். பிறகு 1996இல் வந்ததைக் கேளுங்கள்.